சாவி வாங்கப் போன நாள்

எங்கள் வீட்டில் கஷ்டமான எதையும் யாரும் யார் முகத்தையும் பார்த்துச் சொல்வதில்லை. ஆண்டவரிடம்தான் சொல்லுவோம். சம்பந்தப்பட்ட ஆள் பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு, அவர் காதில் விழும்படி சொல்லுவோம்.

பதினொன்றாம் வகுப்பில் நான் பாடப் புத்தகத்துக்குள் வாரப் பத்திரிகையை மறைத்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். அது அம்மாவுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் குடும்ப ஜெபத்தில் அம்மா, "கர்த்தாவே, இந்த வீட்டில் ஒரு பிள்ளை இயற்பியல் புத்தகத்துக்குள்ளே எதை வைத்துப் படிக்கிறது என்று நீர் அறிவீர்" என்றாள். அதன் பிறகு நான் இயற்பியலை மட்டும்தான் படித்தேன். அண்ணனுக்கு சினிமா கேமரா படிக்க ஆசை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவனுக்கு இன்ஜினியரிங்கில் நல்ல மனதைத் தாரும் என்று மேலே மனுப் போட்டார், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டில் உள்ள சூழ்ச்சி என்னவென்றால், ஜெபத்துக்கு மறுபேச்சு கிடையாது. நடுவில் குறுக்கிட முடியாது. விளக்கம் சொல்ல முடியாது. கடைசியில் ஆமென் ஒன்றுதான் சொல்லலாம், அதைச் சொல்லிவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். சொன்னபின் மாறக்கூடாது. அண்ணன் ஆமென் சொன்னான், இன்றைக்குச் சென்னையில் இன்ஜினியராக இருக்கிறான். என் கல்யாணமும் ஒரு ஆமெனில்தான் முடிந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம், வீட்டுக்காரர் வாசிப்பார்.

நாங்கள் நாசரேத் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடக் குடும்பம். அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது எழுபத்தாறு வயது. அம்மா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருஷத்துக்குள் அப்பா காரை மூன்று முறை இடித்திருந்தார். முதலில் வேதக்கோயில் கேட்டுத் தூணில். பிறகு ஒரு டீக்கடை பெஞ்சில். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் வடை எடுக்க எழுந்துபோனதால் பிழைத்தார். மூன்றாவதாக, நின்றுகொண்டிருந்த ஆட்டோவின் முதுகில். கண்ணில் கோளாறோ என்று பார்த்தால், புரை எடுத்த டாக்டர் "சாருக்கு ஊசியில நூல் கோக்குற பார்வை" என்கிறார். ஏன் இடித்தது என்று கேட்டால் அப்பா, "ரோடு சரியில்ல" என்பார்.

அண்ணன் சென்னையிலிருந்தும் தங்கை மஸ்கட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் போனில் வந்தார்கள்.

"அப்பாகிட்ட இருந்து சாவிய வாங்கிரு" என்றான் அண்ணன்.

"நான் ஏன் வாங்கணும்?"

"நீதான பக்கத்துல இருக்க."

எங்கள் குடும்பத்தில் பக்கத்தில் இருப்பது ஒரு குற்றம். தூத்துக்குடியிலிருந்து நாசரேத்துக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அதனால் ஆஸ்பத்திரி, கேஸ் சிலிண்டர், வீட்டு வரி, இப்போது சாவி, எல்லாம் என் தலையில். வழி சொல்லிக் கொடுத்தவள் தங்கை. "நேரா கேட்டா தர மாட்டாங்க. ஜெபத்துல சொல்லிரு. அவங்களால ஆமென் சொல்லாம இருக்க முடியாது."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாவியை வாங்காவிட்டால், அடுத்த முறை அந்த பெஞ்சில் ஆள் இருப்பார். வாங்கினால், அப்பா அந்த வீட்டுக்குள் தனியாக அடைபடுவார். மீன் வாங்க, தபாலாபீசுக்கு, கோயிலுக்கு, கருப்பட்டி வாங்குகிற சாக்கில் உடன்குடி வரைக்கும் என்று தினமும் ஏதாவது ஒரு காரணம் வைத்து அவர் காரை வெளியே எடுப்பார். ஒன்றும் அவசரமான வேலை இல்லை. அவர் உயிர் வாழ்ந்ததே அந்த அவசரமில்லாத வேலைகளில்தான். எது நடந்தாலும் பழி எனக்கு.

அந்தச் சமயம் பார்த்து அப்பாவே போன் செய்தார். "ஏளா, கடம்பாகுளம் பெருகிட்டு. மறுகால் பாயுதாம். சனிக்கிழமை வா, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

குளம் இப்படி நிறைந்து வழிகிற வருஷங்களில் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வருவது எங்கள் வீட்டு வழக்கம். அதைக் குளம் என்று சொல்லுகிறோமே தவிர, கரையில் நின்றால் அடுத்த கரை தெரியாது. காலையில் கிளம்பினால், அப்பா ஓட்டுகிற வேகத்துக்கு, பொழுது சாயத்தான் வீடு திரும்ப முடியும். மத்தியானச் சாப்பாட்டு ஜெபத்தை நான் செய்வதாகத் தங்கைக்குத் தகவல் அனுப்பினேன். அவள் கைகூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அப்பா காரைத் துடைத்துவிட்டு நின்றார். பதினான்கு வயது வெள்ளைக் கார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. நான் அம்மாவின் இடத்தில், இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அந்த இருக்கையின் பெல்ட்டை மாட்டுவது எளிது, கழற்றுவது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் ஒரு குத்து விட்டால்தான் விடும். அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் பாதிக்கு மேல் இறங்காது. நான் துறைமுகத்தில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிற ஆபீசில் வேலை செய்கிறேன். பெட்டியை மூடி சீல் போட்டபின் உள்ளே இருக்கிற சரக்குக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

வண்டியை எடுக்குமுன் அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்துக் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னார். எஞ்சின் ஓடவில்லை, பயமில்லை. ஆமென் சொன்னேன். அதன் பிறகு முப்பதுக்கு மேல் முள்ளை ஏறவிடாமல் ஓட்டினார். பின்னால் வந்த பஸ், வேன், ஒரு டிராக்டர்கூட ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போயின. என் வலது கால் தன்னால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

"பிரேக் இந்தப் பக்கம்லா இருக்கு" என்றார் அப்பா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் ஓட்டினார். வளைவில் ஹாரன், ஆட்டுக்கு நிதானம், பள்ளத்துக்கு கியர். கச்சனாவிளை தாண்டுவதற்குள், இந்த மனுஷனிடமிருந்து எதற்குச் சாவியை வாங்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்துவிட்டது. அண்ணனும் தங்கையும் தூரத்தில் இருந்துகொண்டு சும்மா பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே குறும்பூர் வந்தோம்.

அங்கே எதிரில் ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. நான் அந்த நேரம் ரோட்டைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கண்டேன். அப்பா கண்ணை மூடினார். தூசிக்கு மூடுகிற மூடல் இல்லை. தலை லேசாகத் தாழ்ந்து, உதடு அசைந்தது. முப்பது வேகத்தில் கார் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் சைக்கிளில் வாழையிலைக் கட்டோடு ஒருவர்.

"அப்பா!"

கண் திறந்தது, ஸ்டியரிங் வெட்டித் திரும்பியது, இலைக்கட்டை உரசிக்கொண்டு கார் ரோட்டோரத்து மண்ணில் இறங்கி ஏறியது. சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றி நின்று கத்தினார். "யோவ், கண்ணு தெரியலயா உமக்கு?"

கண்ணெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று அவருக்கு எப்படி விளக்குவது? அப்பா கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இடப்பக்கம் திரும்பிக் குளத்துக் கரைமேல் ஏறினார். 

"நீங்க கண்ண மூடுனிய."

"ஆமா."

"ஏம்பா?"

"ஆம்புலன்ஸ் போச்சுல்லா."

அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை என்பது போலச் சொன்னார். வேண்டியதும் இல்லை, எனக்குப் புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் போனால், சவ வண்டி போனால், துக்க மணி அடித்தால், அம்மா அந்த இடத்திலேயே கண்ணை மூடி உள்ளே இருக்கிற ஆளுக்காக ஜெபிப்பாள். யார் எவர் என்று கேட்க மாட்டாள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக, அப்போதிருந்த பழைய காரில் பின்னால் இருந்தபோது எங்களையும் மூடச் சொல்லுவாள். காரில் கண் திறந்திருக்கிற ஒரே ஆள் அப்பாதான்.

"உங்கம்மா இருக்கும்போது ஜெபம் அவ டிபார்ட்மெண்ட், வண்டி என் டிபார்ட்மெண்ட்" என்றார் அப்பா. "இப்ப ரெண்டையும் நான்தானளா பாக்கணும்."

கோயில் கேட்டில் இடித்தபோது துக்க மணி அடித்ததாம். டீக்கடைப் பக்கம் ஒரு சவ ஊர்வலம். ஆட்டோவை இடித்தபோது ஆம்புலன்ஸ். ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது. கேட்டால்தான் சொல்லுவார், நாங்கள் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

"கண்ணத் திறந்துக்கிட்டே ஜெபிச்சா என்ன?"

"அது ஜெபமா? ரேடியோ கேக்கிற மாதிரில்லா."

"ஸ்கூல் அசெம்பிளில நீங்க கண்ணத் திறந்துக்கிட்டுத்தான நடப்பிய? எந்தப் பிள்ளை முழிச்சிருக்குன்னு பாத்து அடி போடுவியள்ல?"

அப்பா சிரித்துவிட்டார்.  "முப்பத்தி ரெண்டு வருசம் நான் அசெம்பிளில ஜெபம் பண்ணதே இல்ல" என்றார். "பிள்ளையளத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அது டியூட்டி."

அந்தச் சிரிப்பில் எனக்குச் சேர வரவில்லை.  "அப்பா, திரும்புங்க. வீட்டுக்குப் போயிருவோம்."

"கரையில ஏறியாச்சு. இனி மடைகிட்ட போனாத்தான் நிறுத்த முடியும். அங்கனயும் திருப்ப இடம் காணாது. சுத்தித்தான் போகணும்."

அவர் சொன்னது சரிதான். கரை ஒரு வண்டி அகலம். என் பக்கம் கண்ணாடிக்கு வெளியே நேரே தண்ணீர், கரைக்கல்லைத் தொட்டுக்கொண்டு. அப்பா பக்கம் கீழே, ஆள் உயரத்துக்கும் மேலான பள்ளத்தில் வாழைத் தோட்டம். வெகு தூரத்தில், தண்ணீருக்கு அப்பால், தென்திருப்பேரைக் கோபுரம் விரல் நீளத்துக்குத் தெரிந்தது. நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. அழகுதான், மறுக்கவில்லை. கழற்ற முடியாத பெல்ட்டுக்குள் இருந்துகொண்டு, பாதி இறங்கிய கண்ணாடி வழியாக, இன்னொரு ஆம்புலன்ஸ் வந்துவிடக் கூடாதே என்று பார்க்கிற அழகு. கரைமேல் ஆம்புலன்ஸ் வராது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

இனி யோசிக்க ஒன்றுமில்லை, சாவியை வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மடையருகே கரை கொஞ்சம் அகலம். ஒரு வேப்பமரம். அப்பா காரை நிறுத்தி, என் பெல்ட்டுக்குக் குத்து விட்டு என்னை விடுவித்தார். துண்டை விரித்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் துவையலும் எடுத்து வைத்தேன். அப்பா கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, "நீ ஜெபம் பண்ணு" என்றார்.

நான் மனதோடு ஜெபம் பண்ணி எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்குக் கோயில் என்பது நல்ல சேலையும் நாலு வார்த்தைப் பேச்சும்தான். ஆனாலும் மொழி மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"தகப்பனே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். அப்பாவுக்கு வயசாகிறது. அவருக்கும், ரோட்டில் நடக்கிற ஜனங்களுக்கும், ஒரு சேதமும் வராதபடி காத்துக்கொள்ளும். இனி அவர் கார் ஓட்டாதபடிக்கு, இன்றைக்கே இந்த நிமிஷமே சாவியை என் கையில் தந்துவிட, அவருக்கு நல்ல மனதைத் தாரும்."

மடை வழியாகத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆமென் வரவில்லை. நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கால் மரத்துப் போகிற அளவுக்கு.

"ஆமென்" என்றார் அப்பா.

கண்ணைத் திறந்தபோது சாவி தூக்குவாளி மூடியின்மேல் இருந்தது.

"சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை, அவர் முட்டையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் கழுவி எடுத்துக்கொண்டு காருக்குப் போனால், அப்பா பின்கதவைத் திறந்து பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னப்பா, இங்கன உக்காந்துட்டிய?"

"சாவி உன்கிட்டல்லா இருக்கு."

"எனக்கு ஓட்டத் தெரியாதுல்லா?"

"அது எனக்குத் தெரியும்."

அப்போதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. இன்றைக்கே, இந்த நிமிஷமே. ஆபீசில் ஒரு காகிதத்தில் ஒரு சொல் கூடக்குறைய இருந்தால் கப்பலையே நிறுத்திவிடுகிறவள் நான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு என்று ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றவில்லை. இந்தத் தப்பை வேறெந்தக் குடும்பமும் செய்திருக்க முடியாது.

அண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "அப்பா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டிருங்க" என்றான்.

"ஆமென் சொன்னதுக்கு அப்புறம் இன்னைக்கு நாளைக்குன்னு கிடையாதுல்லா. உனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. கேமரா படிக்க நினைத்த அண்ணனுக்குத் தெரியும். தங்கையைக் கூப்பிட்டால், "நீ ஏங்கா இவ்வளவு நாள் டிரைவிங் படிக்கல?" என்று என்னையே கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. சாவியை வாங்க வந்தவள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். வெயில் உச்சியில் இருந்தது. ஒரு ஈ காக்கை கரைமேல் வரவில்லை. நடந்து போவதானால் எந்தப் பக்கமும் ஐந்து மைல். அப்பாவை நடத்தவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

"சரி, அப்போ இன்னொரு ஜெபம் பண்ணு" என்றார் அப்பா. "முன்னால கேட்டது தப்பு, அத ரத்து பண்ணும்னு சொல்லு. நான் ஆமென் சொல்லி வண்டிய எடுக்கேன்."

எவ்வளவு எளிது. எனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே, இரண்டு வரி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முழங்காலில்கூட நின்றேன். வாய் வரவில்லை. கேட்டது தப்பில்லையே. தப்பு என்று நான் சொல்லிவிட்டால், அப்பா இனி ஆயுசு முழுக்க என் அனுமதியோடு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பையன் மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு. "சரி, குடுத்தாச்சு. நாளைக்குக் காலையில இருந்து நான் வீட்டுல என்ன செய்யணும்? அதயும் நீயே சொல்லிரு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.  கரையோரம் போய் நின்று தண்ணீரைப் பார்த்து அழுதேன்.

நாலு மணிக்குமேல் ஒரு டிவிஎஸ் வண்டி வந்தது. மடையைத் திறந்து அடைக்கிற வேலை பார்க்கிறவர். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. கார் பழுதா என்று கேட்டார். இல்லை, ஓட்ட ஆள் இல்லை என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவையும் என் கையிலிருந்த சாவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் முன்னால வேன் ஓட்டுனவன்தான் யக்கா. ஷட்டரைப் பாத்துட்டு வாரேன், கொண்டு விடுதேன். பைக் இங்கனயே கிடக்கட்டும், பெறவு வந்து எடுத்துக்கிடுதேன்."

அவர் ஒரு கையால் ஓட்டினார், அறுபதில். நான் அப்பா பக்கத்தில் பின்னால் இருந்தேன். பதினான்கு வருஷத்தில் அந்தக் கார் அப்படி ஓடியிருக்காது. கரையை விட்டு இறங்கி, தென்திருப்பேரைக் கடைத்தெருவைத் தாண்டி, பெரிய ரோட்டைப் பிடித்தோம். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் லேசாகத் தரையை அழுத்தியது. நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

ஆழ்வார்திருநகரிக்குக் கொஞ்சம் முன்னால், பின்னாலிருந்து சங்கு ஊதிக்கொண்டு ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டினவர் ஒதுங்கி வழி விட்டார். அப்பா கண்ணை மூடினார். இந்த முறை அவசரம் எதுவும் இல்லை, ஸ்டியரிங் வேறொருவர் கையில். வாய்விட்டு ஜெபித்தார். உள்ளே இருக்கிறவர் யாரானாலும் இரங்கும், கூட இருக்கிறவர்களுக்குத் தைரியம் தாரும், ஓட்டுகிறவர் கைக்குத் துணை நில்லும். எல்லாம் அம்மாவின் வார்த்தைகள், அம்மா சொல்லுகிற அதே வரிசையில். ஆம்புலன்ஸ் கண்ணுக்கு மறைந்தபிறகும் அவர் நிறுத்தவில்லை.

"கர்த்தாவே, பிள்ளைகள் என்மேல் பாசத்தில்தான் செய்கிறார்கள், அவர்களை ஆசீர்வதியும். எனக்கு இனி எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னையும் சீக்கிரம் அவளிடத்தில் கொண்டு சேர்த்துவிடும்."

முடித்துவிட்டார். தலை தாழ்ந்தே இருந்தது. ஆமெனுக்காகக் காத்திருந்தார்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஒரு ஜெபத்தை ஆமென் இல்லாமல் விட்டதில்லை. அப்பா பழிவாங்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவர் நிஜமாகவே கேட்டார், நிஜமாகவே காத்திருந்தார். மத்தியானம் நான் அவரை எங்கே கொண்டுபோய் மாட்டினேனோ, அதே இடத்தில் இப்போது நான். பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்ல மாட்டேன். கார் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டினவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பெரியவர் தலை நிமிராமல் இருக்கிறார், மகள் வாயைத் திறக்கவில்லை. யாராவது சொல்ல வேண்டுமே என்று நினைத்திருப்பார் பாவம். மரியாதையாக, "ஆமென்" என்றார்.

"நீங்க ஏன் அண்ணாச்சி சொன்னிய!" என்று நான் போட்ட சத்தத்தில் கார் ஒரு குலுக்கு குலுங்கி நின்றது.

"சாமி கும்பிட்டா சொல்லணும்லா யக்கா..." என்றார் அவர்.

அவரிடம் என்ன பேசுவது? நேரமும் இல்லை. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். தகப்பனே, ஸ்தோத்திரம், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, இந்த அண்ணாச்சி தெரியாமச் சொல்லிட்டாங்க, அந்த ஆமென் செல்லாது. அப்பா கேட்டதையும் நீர் கேக்காதேயும். அவங்க எனக்கு வேணும். அம்மாவும் இல்ல, அவங்களும் இல்லன்னா நான் யாருகிட்ட வருவேன்? சாவி என்கிட்டயே இருக்கட்டும். நான் வண்டி ஓட்டப் படிக்கேன். நாப்பத்தெட்டு வயசுல படிக்கேன். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, மீன் வாங்கணுமா, உடன்குடிக்குப் போகணுமா, எங்க சொன்னாலும் நான் ஓட்டிட்டுப் போறேன். ஆம்புலன்ஸ் வந்தா அவங்க கண்ண மூடிக்கிடட்டும், எவ்வளவு நேரம் வேணும்னாலும் மூடிக்கிடட்டும். நான் ரோட்டப் பாத்துக்கிடுதேன்."

 கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. முன்னால் இருந்தவர் இந்த முறை மூச்சுக்கூட விடவில்லை. என் பிடிக்குள் அப்பாவின் கை அசையாமல் இருந்தது, பிறகு திரும்பி என் கையை இறுகப் பிடித்தது.

"ஆமென்" என்றார் அப்பா.